டைனோசர்கள் அழிந்தது எப்படி? அரியலூர் பாறையைப் படித்து, பின்னாளில் மழையைக் கணித்த ஹென்றி பிளான்ஃபோர்டின் கதை

நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரம் பக்கம் தோட்டத்தில் போர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ரிக் வண்டி ஆயிரம் அடி இறங்கினாலும் மேலே வருவது சாம்பல் நிறக் கருங்கல் தூள்தான். சிப்பி, சங்கு, எலும்பு எதுவும் வராது.

அங்கிருந்து கிழக்கே நேர்கோட்டில் சுமார் 120 கி.மீ. தள்ளி இருக்கிறது அரியலூர். அங்கே சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் கடல் சிப்பிகள் கொத்துக்கொத்தாகக் கிடைக்கின்றன. கல்லமேடு போன்ற இடங்களில் டைனோசர் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன.

பஸ்ஸில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரம்தான். ஆனால் ஒரு இடத்தில் டைனோசர் எலும்பு கிடைக்கிறது, இன்னொரு இடத்தில் கிடைக்கவே கிடைக்காது. ஏன்? அந்த டைனோசர்களுக்கு என்னதான் ஆச்சு?

இந்தக் கேள்விகளுக்கான பதிலின் முதல் பாதியை எழுதி வைத்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. இன்றைக்கு டிவியில் புயல், மழை என்றாலே நாம் கேட்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவரும் இவர்தான். பாறையைப் படித்த மனிதர் மழைக்கு எப்படி வந்தார்? டைனோசர் அழிவுக்கும் அவர் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு? பார்க்கலாம்.

யார் இந்த பிளான்ஃபோர்டு?

1834 ஜூன் 3-ம் தேதி லண்டனில் பிறந்தவர் ஹென்றி. அண்ணன் வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டு இரண்டு வயது மூத்தவர். இருவரும் லண்டனில் சுரங்கவியல் கல்லூரியில் படித்தார்கள். பிறகு ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் நகரில் இருந்த புகழ்பெற்ற சுரங்கப் பள்ளியிலும் பயிற்சி எடுத்தார்கள்.

ஹென்றிக்கு ஏறக்குறைய 8 வயது இருக்கும்போதுதான் டைனோசர் என்ற பெயரே உருவானது. 1842-ல் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய உடற்கூறியல் அறிஞர், இங்கிலாந்தில் கிடைத்த சில ராட்சத எலும்புகளை ஒரே குடும்பமாகச் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார். சொல்லப்போனால், டைனோசர் ஆராய்ச்சியும் ஹென்றியும் ஒன்றாகவே வளர்ந்தார்கள்.

1855-ல் அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை கிடைத்தது. இடம், கல்கத்தா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தொடங்கி நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. தாமஸ் ஓல்டாம் அதன் தலைவர். ஆங்கிலேய அரசுக்கு அப்போது முக்கியத் தேவை நிலக்கரி. ரயில் ஓட்ட வேண்டும், கப்பல் ஓட்ட வேண்டும். அதற்கு நிலக்கரி எங்கே இருக்கிறது என்று தேடத்தான் இளம் புவியியலாளர்களைக் கூட்டி வந்தார்கள்.

முதல் வேலையிலேயே அதிர்ச்சி

சகோதரர்களை முதலில் அனுப்பிய இடம் ஒடிசாவின் தால்சேர். நிலக்கரியைத் தேடிப் போனவர்கள் அங்கே வேறொரு விஷயத்தைப் பார்த்தார்கள். மெல்லிய சேறு இறுகி உண்டான பாறைக்குள் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் பதிந்து கிடந்தன. ஓடும் ஆறு பெரிய கல்லைத் தள்ளும் வேகத்தில் மெல்லிய சேறு படியாது. சேறு படியும் அளவுக்குத் தண்ணீர் அமைதியாக இருந்தால் பெரிய கல் நகராது. இரண்டும் ஒன்றாக எப்படி வந்தது?

பனிக்கட்டி சுமந்து வந்து போட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். வெயில் கொளுத்தும் ஒடிசாவில் ஒரு காலத்தில் பனி உறைந்து கிடந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அன்றைக்குப் பலர் நம்பவில்லை. ஆனால் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென் துருவத்துக்கு அருகே இருந்தது என்பது இன்று உறுதியான செய்தி.

இருபத்திரண்டு வயதில் ஹென்றி கற்றுக்கொண்ட பாடம் இது. இன்றைக்கு இருக்கும் வெயிலும் மழையும் நிரந்தரம் இல்லை. பூமியின் வானிலை தலைகீழாக மாறக்கூடியது. அதற்கான சாட்சி பாறையில் இருக்கும்.

திருச்சிக்கு வந்த இளைஞர்

1857 வாக்கில் ஹென்றி சென்னை மாகாணத்துக்கு மாற்றப்பட்டார். அடுத்த சில ஆண்டுகள் அவர் சுற்றித் திரிந்தது அன்றைய திருச்சிராப்பள்ளி, தென் ஆற்காடு மாவட்டங்களில். இன்றைய அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களின் கரிசல் காடுகள், ஓடைகள், சுண்ணாம்புக்கல் மேடுகள் எல்லாம் அவர் கால் பட்ட இடங்கள்.

இந்தப் பகுதியில் கடல் சிப்பிகள் கிடைப்பது அதற்கு முன்பே தெரியும். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் சேகரித்து அனுப்பிய சிப்பிகளைப் பார்த்து, இவை கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தவை என்று லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அறிவித்திருந்தார். கிரெட்டேசியஸ் என்பது டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டம். ஆனால் எந்த அடுக்கு கீழே, எந்த அடுக்கு மேலே, எது முந்தியது, எது பிந்தியது என்று யாரும் வரிசைப்படுத்தியிருக்கவில்லை.

அந்த வரிசையைப் போட்டவர் பிளான்ஃபோர்டு. பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, மூன்றுக்கும் நம்ம ஊர்ப் பெயர்களையே வைத்தார்.

ஊட்டத்தூர் தொகுதி: இதுதான் அடியில் இருப்பது, எனவே மிகப் பழையது. களிமண்ணும் ஜிப்சமும் நிறைந்தது. காரை கிராமத்துப் பக்கம் செம்மண் மேடுகளில் நத்தை ஓடு போல் சுருண்ட அம்மோனைட்டுகள் கிடைப்பது இந்த அடுக்கில்தான்.

திருச்சிராப்பள்ளி தொகுதி: நடு அடுக்கு. கருடமங்கலம் பகுதியில் கிடைக்கும் சிப்பி நிறைந்த அழகான சுண்ணாம்புக்கல் இதைச் சேர்ந்தது. பாலிஷ் போட்டால் மார்பிள் போலவே இருக்கும்.

அரியலூர் தொகுதி: மேல் அடுக்கு, மிகப் புதியது. கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் இதில் வருகிறது. டைனோசர் எலும்புகள் கிடைத்த கல்லமேட்டு மணற்பாறையும் இதில்தான் வருகிறது.

மூன்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான கதை. இன்றைய அரியலூர் அன்றைக்குக் கடற்கரை. அலை முன்னே வந்தது, பின்னே போனது, பல முறை. கடல் பின்வாங்கிய நேரத்தில் ஆறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டின. அந்த ஆற்றங்கரைகளில் டைனோசர்கள் நடமாடின.

இந்த ஆய்வு, புவியியல் துறையின் நான்காவது தொகுப்பில் வெளியானது. 160 ஆண்டுகள் கடந்தும் அவர் வைத்த பெயர்களைத்தான் இன்றைக்கும் புவியியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

அப்படின்னா மல்லசமுத்திரத்தில் ஏன் இல்லை?

அதே நான்காவது தொகுப்பிலேயே இதற்கும் பதில் இருக்கிறது. பிளான்ஃபோர்டின் சக ஊழியர்கள் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம் பக்கத்துப் பாறைகளை ஆய்வு செய்து அதில் எழுதினார்கள். பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கல்கோடரியைக் கண்டெடுத்தாரே, அதே புரூஸ் ஃபூட்தான்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இருப்பது பூமிக்கு மிக ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய கடினப் பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் தோன்றியதோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பாறை உருவானபோது பூமியில் விலங்கு என்ற ஒன்றே கிடையாது. அதனால் எத்தனை ஆயிரம் அடி போர் போட்டாலும் எலும்பு வராது.

இதற்கு மல்லசமுத்திரத்தில் டைனோசர் நடக்கவே இல்லை என்று அர்த்தம் இல்லை. நடந்திருக்கலாம். ஆனால் இது மேட்டு நிலம். மேட்டில் விழுந்த எலும்பு வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து போகும். மண்ணும் மணலும் மேட்டிலிருந்து அடித்துச் செல்லப்பட்டு, பள்ளமான கடற்கரையில் போய்ப் படியும். எலும்பு கல்லாக மாற வேண்டும் என்றால் உடனே மணலில் புதைய வேண்டும். அது நடந்த இடம் அரியலூர்.

சிப்பிகளில் ஒளிந்திருந்த துப்பு

வரைபடம் போட்டதோடு பிளான்ஃபோர்டு நிற்கவில்லை. தான் சேகரித்த கடல் உயிரிகளில் இரண்டு வகைகளை அவரே விவரித்து எழுதினார். ஒன்று பெலம்னைட். கணவாய்க்குச் சொந்தம், துப்பாக்கிக் குண்டு மாதிரி கூரான உள் எலும்பு உடையது. மற்றொன்று நாட்டிலஸ். சுருண்ட ஓட்டுக்குள் வாழும் கடல் உயிரி. அம்மோனைட்டுகளையும் மற்ற சிப்பிகளையும் ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா என்ற இளம் ஆய்வாளர் பின்னர் விரிவாக எழுதினார்.

இதில் என்ன விசேஷம்? 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அம்மோனைட்டும் பெலம்னைட்டும் அழிந்தன. நாட்டிலஸ் மட்டும் தப்பித்தது. இன்றைக்கும் பசிபிக் கடலில் உயிரோடு நீந்துகிறது.

அழிவு எப்படி நடந்தது என்பதற்கான மிக முக்கியமான துப்பு இது. பிளான்ஃபோர்டின் பெட்டியில் அது இருந்தது. ஆனால் அதைப் படிக்கும் சாவி அப்போது யாரிடமும் இல்லை.

அந்தக் காலத்துப் புவியியலாளர்களுக்குத் திடீர் அழிவு என்ற எண்ணமே பிடிக்காது. எல்லா மாற்றமும் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்கும் என்பது அன்றைய பாடம். ஒரு அடுக்கில் இருந்த உயிரினம் அடுத்த அடுக்கில் இல்லை என்றால், நடுவில் சில பக்கங்கள் தொலைந்து போயிருக்கின்றன என்று எடுத்துக்கொண்டார்கள்.

காட்டிலிருந்து வகுப்பறைக்கு

வெயிலிலும் மழையிலும் கூடாரம் போட்டுத் திரிந்த வேலை ஹென்றியின் உடம்பைக் கெடுத்தது. 1862-ல் புவியியல் துறையிலிருந்து விலகினார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து பத்து ஆண்டுகளுக்கும் மேல் பாடம் நடத்தினார். இந்தியப் பள்ளி மாணவர்களுக்காக இயற்கைப் புவியியல் பாடநூலும் எழுதினார்.

அண்ணன் வில்லியம் துறையிலேயே தொடர்ந்தார். அவருக்குக் கிடைத்தது மேற்கு இந்தியா. மும்பையிலிருந்து நாக்பூர் வரை படிக்கட்டு போல் அடுக்கடுக்காகக் கிடக்கும் கறுப்பு எரிமலைப் பாறைகளை அவர் ஆய்வு செய்தார். அஜந்தா, எல்லோரா குகைகளைக் குடைந்திருப்பது இந்தப் பாறையில்தான். தக்காண எரிமலைக் குழம்பு என்று இன்று உலகம் பேசும் அதே பாறை.

ஆக, டைனோசர் மரணத்தின் ஒரு சாட்சியைத் தம்பி தமிழ்நாட்டில் வரைந்தார். சந்தேகத்துக்குரிய குற்றவாளிகளில் ஒன்றை அண்ணன் மகாராஷ்டிராவில் வரைந்தார். ஒரு வழக்கைத்தான் விசாரிக்கிறோம் என்பது இருவருக்கும் தெரியாது.

புயல் மாற்றிய வாழ்க்கை

1864 அக்டோபர் 5. கல்கத்தாவைக் கடும் புயல் தாக்கியது. ஹூக்ளி ஆற்றில் கடல் அலை ஏறி வந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நொறுங்கின. 50,000 முதல் 60,000 பேர் வரை இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது.

நகரிலேயே இருந்த பிளான்ஃபோர்டு, கேஸ்ட்ரெல் என்ற ராணுவ அதிகாரியோடு சேர்ந்து இந்தப் புயலை விசாரிக்கத் தொடங்கினார். கப்பல் பதிவேடுகள், காற்றழுத்தக் கணக்குகள், நேரில் பார்த்தவர்களின் தகவல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் புயல் எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது என்று அறிக்கை தயாரித்தார்கள். பாறை அடுக்கைப் படிக்கும் அதே முறைதான். நடந்து முடிந்த சம்பவத்தைத் துண்டு துண்டான சாட்சிகளிலிருந்து கட்டி எழுப்புவது.

அதன் பிறகு அவர் வாழ்க்கை வானிலை பக்கம் திரும்பியது. 1867-ல் வங்காளத்தின் வானிலை அதிகாரியானார். 1875-ல் நாடு முழுமைக்கும் ஒரே அமைப்பாக இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானபோது, அதன் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. மாகாணத்துக்கு ஒரு விதமாக எடுத்துக்கொண்டிருந்த அளவீடுகளை ஒரே முறைக்குக் கொண்டுவந்தது அவரது முதல் வேலை.

தாது வருஷப் பஞ்சம்

துறை தொடங்கிய மறு வருஷமே பேரிடி. 1876-ல் பருவமழை பொய்த்தது. 1877-லும் சரியாகப் பெய்யவில்லை. நம் தாத்தா பாட்டிகள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அது இதுதான்.

சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று சேலம். மல்லசமுத்திரமும் திருச்செங்கோடும் அப்போது சேலம் மாவட்டம்தான். 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881-ல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. பத்து வருஷத்தில் ஏற வேண்டிய எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. இந்தியா முழுவதும் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர்.

மழை பொய்த்ததற்குக் காரணம் இன்று தெரியும். ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளிப் பசிபிக் பெருங்கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடானது. எல் நினோ என்று இப்போது சொல்கிறோம். கடல் எங்கோ சூடானது, சேலத்தில் கிணறு வற்றியது. ஆனால் பஞ்சத்தை இவ்வளவு கொடூரமாக்கியது வானம் மட்டும் இல்லை. மக்கள் பட்டினி கிடந்தபோதும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரணத்தில் அரசு கடும் சிக்கனம் காட்டியது. மழை இல்லாததற்கு இயற்கை பொறுப்பு, இத்தனை சாவுக்கு ஆட்சி பொறுப்பு.

இமயமலைப் பனியும் நம் மழையும்

அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? பிளான்ஃபோர்டிடம் அரசு கேட்டது இதைத்தான். எந்த நாட்டிலும் அப்படி ஒரு கணிப்பு நடைமுறையில் இல்லாத காலம்.

பல வருஷ அளவீடுகளைப் புரட்டிய அவர் ஒரு தொடர்பைக் கண்டார். இமயமலையில் குளிர்காலத்திலும் வசந்த காலத்திலும் பனி அதிகமாகவும் தாமதமாகவும் விழுந்தால், அதைத் தொடர்ந்து வறண்ட காற்று வீசி, வடமேற்கு இந்தியாவில் பருவமழை குறைகிறது. இதை 1884-ல் ராயல் சொசைட்டியில் கட்டுரையாக வெளியிட்டார். அதற்கு முன்பே 1882 முதல் சோதனையாக முன்னறிவிப்புகள் கொடுத்துப் பார்த்தார். 1886-ல் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் முறையான பருவமழை முன்னறிவிப்பு வெளியானது. இன்றைக்கு ஒவ்வொரு ஏப்ரல், மே மாதமும் நாம் பார்க்கும் பருவமழைக் கணிப்புக்கு அதுதான் ஆரம்பம்.

அந்தக் கணக்கு எல்லா வருஷமும் பலிக்கவில்லை. ஆனால் அடிப்படை எண்ணம் நின்றது. ஒரு ஊரின் மழையை அந்த ஊர் வானத்தில் மட்டும் தேடக் கூடாது, எங்கோ தொலைவில் நடப்பதிலும் தேட வேண்டும்.

அவர் தலைவராக இருந்த 1883-ல் இந்தோனேசியாவில் க்ரகடோவா எரிமலை வெடித்தது. சில நாட்களிலேயே இலங்கையிலும் சென்னைப் பக்கத்திலும் சூரியன் பச்சையாக, நீலமாகத் தெரிந்தது. எங்கோ வெடித்த மலையின் தூசி நம் ஊர் வெயிலின் நிறத்தையே மாற்றும் என்பதை உலகம் கண்ணால் பார்த்த தருணம் அது.

பாறையையும் பிளான்ஃபோர்டு மறந்துவிடவில்லை. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஒரே மாதிரியான புதைபடிவங்கள் கிடைப்பதைக் காட்டி, இரண்டும் ஒரு காலத்தில் நிலத்தால் இணைந்திருந்தன என்று 1875-ல் எழுதினார். நடுவில் இருந்த நிலம் கடலில் மூழ்கிவிட்டது என்று அவர் நினைத்தார். நிலங்களே நகர்ந்து பிரிந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

1889-ல் ஓய்வு பெறும் காலத்தில் இந்தியா, இலங்கை, பர்மா வானிலை பற்றிய வழிகாட்டி நூலை வெளியிட்டார். இங்கிலாந்து திரும்பி ஃபோக்ஸ்டோன் என்ற கடற்கரை ஊரில் வசித்தார். 1893 ஜனவரி 23-ம் தேதி, 58 வயதில் காலமானார். அண்ணன் வில்லியம் 1905 வரை வாழ்ந்தார்.

சரி, டைனோசர்கள் எப்படித்தான் அழிந்தன?

பிளான்ஃபோர்டு இறந்து 87 ஆண்டுகள் கழித்துத்தான் பதில் வந்தது. 1980-ல் அமெரிக்காவில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸ், அவரது மகனும் புவியியலாளருமான வால்டர் ஆகியோர் அடங்கிய குழு ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டது. டைனோசர் காலம் முடியும் அடுக்குக்கும் அடுத்த காலத்தின் அடுக்குக்கும் நடுவில் மெல்லிய களிமண் படலம் இருக்கிறது. அதில் இரிடியம் என்ற உலோகம் மிக அதிகம். பூமியின் மேற்பரப்பில் அரிதான உலோகம் அது. விண்கற்களில்தான் தாராளமாக இருக்கும்.

இந்தியாவிலும் மேகாலயாவில் அந்த இரிடியம் படலம் கிடைத்தது. அரியலூரில் டைனோசர் காலக் கல்லமேட்டுப் பாறைக்கும், அதற்கு மேலே இருக்கும் நின்னியூர் பாறைக்கும் நடுவில் சில பக்கங்கள் கிழிந்திருக்கின்றன. பிளான்ஃபோர்டு அரியலூர் தொகுதியோடு சேர்த்திருந்த நின்னியூர் அடுக்கைப் பின்னாளில் தனியாகப் பிரித்தார்கள். அது டைனோசர்களுக்குப் பிந்தைய உலகம்.

1991-ல் மோதிய இடமும் உறுதியானது. மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் சிக்சுலுப் என்ற ஊருக்கு அடியில் சுமார் 180 கி.மீ. அகலப் பள்ளம் புதைந்து கிடக்கிறது. மோதிய கல்லின் அகலம் சுமார் 10 கி.மீ.

கல் விழுந்தது மெக்சிகோவில். அரியலூரில் ஏன் சாக வேண்டும்?

இங்கேதான் பிளான்ஃபோர்டு வானிலையில் தேடிய பாடம் பொருந்துகிறது. உலகம் முழுவதும் இருந்த டைனோசர்கள் கல் அடித்துச் சாகவில்லை. பெரும்பாலானவை செத்தது குளிரிலும் பட்டினியிலும்.

மோதிய இடத்தில் கந்தகம் நிறைந்த ஜிப்சம் பாறைகள் இருந்தன. அவை ஆவியாகி வானத்துக்குப் போயின. தூசியும் காட்டுத் தீயின் கரியும் சேர்ந்துகொண்டன. க்ரகடோவாவின் தூசி சூரியனின் நிறத்தை மாற்றியது என்றால், இது சூரியனையே மறைத்தது. மாதக்கணக்கில் வெளிச்சம் குறைந்தது. பல வருஷங்கள் குளிர் நீடித்தது. செடிகள் வளரவில்லை. செடி தின்னும் டைனோசர் முதலில் விழுந்தது, அதைத் தின்னும் டைனோசர் அடுத்து விழுந்தது. நிலத்தில் சுமார் 25 கிலோவுக்கு மேல் எடை இருந்த விலங்குகள் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. மொத்தத்தில் உயிரினங்களில் முக்கால்வாசி காணாமல் போயின.

கடலிலும் இதே கதை. மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்கள் வெளிச்சம் இல்லாமல் செத்தன. அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை, மேல்மட்டத்தில் மிதந்து அந்த நுண்ணுயிர்களை நம்பி வாழ்ந்தவை. அவை பட்டினியில் போயின. நாட்டிலஸ் பெரிய முட்டையிடும், குஞ்சு ஆழத்தில் பொரியும், குறைவாகச் சாப்பிட்டே தாக்குப்பிடிக்கும். அதனால் தப்பித்தது என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம். பிளான்ஃபோர்டின் பெட்டியில் இருந்த துப்பு கடைசியில் படிக்கப்பட்டது இப்படித்தான்.

அப்போ அண்ணன் ஆய்வு செய்த எரிமலை?

தக்காண எரிமலைகள் மோதலுக்குச் சில லட்சம் ஆண்டுகள் முன்பே வெடிக்கத் தொடங்கி, பிறகும் பல லட்சம் ஆண்டுகள் தொடர்ந்தன. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் அந்தப் பாறை கிடக்கிறது. சில இடங்களில் இரண்டு கி.மீ.க்கும் மேல் தடிமன். அதிலிருந்து வந்த வாயுக்கள் வானிலையைக் குலைத்திருக்கும்.

ஆனால் எரிமலை வெடிக்கத் தொடங்கிய பிறகும் இந்தியாவில் டைனோசர்கள் வாழ்ந்ததற்கு ஆதாரம் இருக்கிறது. அதனால் முக்கியக் காரணம் விண்கல், எரிமலை ஏற்கெனவே பலவீனப்படுத்தியிருக்கலாம் என்பது இப்போது பெரும்பாலானோர் ஏற்கும் நிலை. எரிமலையின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் மட்டும் இன்னும் ஓடுகிறது.

ஒரு கூட்டம் தப்பியதையும் சொல்ல வேண்டும். டைனோசர்களில் ஒரு சிறு கிளை பறவையாக மாறியிருந்தது. அது பிழைத்தது. 2013-ல் கல்லமேட்டுப் பாறையிலிருந்து, பறவைகளுக்கு மிக நெருங்கிய சொந்தமான ட்ரூடான்டிட் வகை டைனோசரின் ஒரு பல் விவரிக்கப்பட்டது. நாமக்கல் கோழிப்பண்ணையில் நிற்கும் கோழி, அந்தப் பரம்பரையின் உறவுக்காரர்தான்.

பெயர் நின்றது, எலும்பு நிற்கவில்லை

அரியலூர் பாறையில் கிடைத்த மாமிச டைனோசர் பல் ஒன்றை 1879-லேயே ரிச்சர்ட் லிடெக்கர் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1979-ல், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் திருச்சிராப்பள்ளி தொகுதியில் கிடைத்த படிவத்துக்கு திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி என்று பெயர் வைத்தார்கள். திராவிட நிலமும் அதை முதலில் வரிசைப்படுத்தியவரும் ஒரே பெயரில் சேர்ந்தார்கள். அது டைனோசர்தானா, கடல் ஊர்வனவா என்ற வாதம் பின்னர் எழுந்தது.

1987-ல் இதே இருவர் கல்லமேட்டில் கிடைத்த இன்னொரு ராட்சத விலங்குக்கு ப்ருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அதன் கால் எலும்பு ஒன்றே சுமார் 2 மீட்டர். உலகிலேயே மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் இன்று சோதித்துப் பார்க்க அந்த எலும்புகள் இல்லை. மழை ஈரத்தில் உதிர்ந்து சிதைந்துபோயின. எஞ்சியிருப்பது படங்களும் குறிப்புகளும்தான்.

சுரங்க இயந்திரம் ஒரு நாளில் வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் பல ஆயிரம் ஆண்டுகளின் கதை இருக்கும். எல்லா உருண்டைக் கல்லும் டைனோசர் முட்டை கிடையாது. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் அப்படிப் பரவிய செய்தி தவறு என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆனால் ஓடையிலோ ஏரி தூர் வாரும்போதோ வித்தியாசமாக ஒன்று கண்ணில் பட்டால், உடைக்காமல், இடத்தை மாற்றாமல், போட்டோ எடுத்து அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ கல்லூரிப் புவியியல் துறைக்கோ சொல்வது நல்லது. அரியலூரில் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது.

எங்கோ விழுந்த கல்லால் உணவு அறுந்து டைனோசர்கள் போயின. எங்கோ சூடான கடலால் மழை அறுந்து சேலத்து மக்கள் போனார்கள். டைனோசர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை. நமக்கு அப்படி ஒரு ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தவர், அரியலூர் வெயிலில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த பிளான்ஃபோர்டு. அந்த எச்சரிக்கையைக் கேட்டு நடப்பது ஆட்சியின் கையிலும் நம் கையிலும் இருக்கிறது.